கப்பியாரின் சிவந்த முகம்

என் அண்ணன் உலகன்னானுக்கு முகம் சிவக்கத் தொடங்கியது எப்போது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பூசையின் நடுவில் சிவக்கும். சோறு உண்டு எழுந்ததும் சிவக்கும். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் போதும், கழுத்திலிருந்து கிளம்பி நெற்றி வரைக்கும் ஏறும். கொஞ்ச நேரம் நின்று பிறகு அடங்கிவிடும். அம்மாவைப் போல அவர் வெளுத்த நிறம். அதனால் எதையும் மறைக்க முடியாது.

எங்கள் ஊர் மாதா கோயிலில் அண்ணன்தான் கப்பியார். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டிய திராட்சரசத்தையும் தண்ணீரையும் சின்னக் குப்பிகளில் ஊற்றி வைப்பது, அச்சனுக்கு, அதாவது பங்குச் சாமியாருக்கு, உடுப்பு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அதற்கு முன்பு எங்கள் அப்பா செய்தார். பலிபீடத் துணிகளைத் துவைப்பது என் வேலை. அம்மா படுக்கையில் விழுந்தபோது ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். கல்யாணம் அமையவில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அண்ணன் மனைவி ஏலிக்குட்டியை நான் சேடத்தி என்றுதான் கூப்பிடுவேன். சேடத்தியின் அப்பா குடித்துச் செத்தவர். மூத்த சகோதரன் குடித்துவிட்டு வரும் வழியில் ஆற்றில் விழுந்து போனான். பெண் பார்க்கப் போன அன்று, காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குடிப்பீங்களா?" என்று கேட்டவள். அண்ணன் இல்லை என்றார். கல்யாணத்தன்று கழுத்தில் மின்னு என்கிற தாலியைக் கட்டிய கையோடு சிலுவையைத் தொட்டுச் சத்தியமும் செய்தார். அதற்குப் பிறகு விருந்துகளில் கேக்கோடு வரும் திராட்சரசத்தைக்கூட பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு சத்தியம்தான் அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

முகச்சிவப்போடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. சுவிசேஷம் வாசிக்கும்போதே அண்ணன் எழுந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்கு ஓடுவார். திரும்பி வரும்போது முகம் செக்கச் செவேலென்று இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கோயில் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் இட்டூப்பு சேட்டன் திராட்சரசப் பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டு வைக்க ஆரம்பித்தார். ரசம் குறையவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

"பாட்டில் சரியாத்தான் இருக்கு. அப்ப வேற எங்கயோ வச்சிருக்கான். கழிப்பறைக் கூரையத் தூக்கிப் பாருங்கடா."

கூரை ஓட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பல்லிதான் விழுந்தது.

அண்ணன் வாய் திறக்கவில்லை. கோபப்பட்டால் முகம் சிவக்கும், சிவந்தால் பாத்தியா என்பார்கள். அதனால் கோபப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு மழைக்காலத்தில் வலி தாங்காமல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்த டாக்டர், "ஈரல் வீங்கியிருக்கு. அங்கங்க திட்டுத் திட்டா இருக்கு. தினமும் எவ்வளவு?" என்று கேட்டார்.

"என்ன எவ்வளவு?"

"குடி."

"நான் குடிக்கறது இல்ல டாக்டர்."

டாக்டர் நிமிராமல் சேடத்தியிடம் சொன்னார். "எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. மொதல்ல நிறுத்தட்டும். அப்புறம் மருந்து."

அந்த நேரம் அண்ணன் முகம் பழுத்த தக்காளி போல ஆகியிருந்தது. சேடத்தி அந்த முகத்தைப் பார்த்தாள். பேருந்தில் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரே மேசையில் மூவரும் சாப்பிடுவோம். "கொச்சே, மீன் வேணுமான்னு கேளு" என்பாள் என்னிடம்; கொச்சு என்றால் அவள் பேச்சில் சின்னவள். நான் அண்ணனைப் பார்ப்பேன். "வேணாம்னு சொல்லு" என்பார். நான் சேடத்தியைப் பார்ப்பேன். அவர்கள் சொல்வது இருவருக்கும் கேட்கும். இருந்தாலும் நான் சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். நான் இயல்பாகவே அதிகம் பேசாதவள். அந்த மாதங்களில் பேசியதுபோல வாழ்நாளில் நான் பேசியதே இல்லை.

கடைசியில் சேடத்தி என் மூலமாகவே ஒரு நிபந்தனை வைத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் இருந்துவிட்டு வரட்டும்.

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "போனா பேசுவாளா, கேளு."

நான் சமையலறைக்குப் போய்க் கேட்டேன். "பேசுவேன்னு சொல்லு" என்றாள்.

குடிக்காத மனிதர் குடியை நிறுத்தப் போனார். பெட்டியில் இரண்டு வேட்டி, ஜெபமாலை, வயிற்றுக்குக் கஞ்சிப் பொடி. அச்சன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, குணமாகி வரும்வரை வேலை காத்திருக்கும் என்றார். குணமாகி வா என்று சொல்லிவிட்டால், நோய் என்ன என்பது முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தார் போய்ப் பார்க்கலாம். நான் மட்டும் போனேன். அண்ணன் படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கையில் தங்கப்பன் என்று ஒரு லாரி டிரைவர். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, தங்கையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

"பெங்ஙளே, உங்க அண்ணன், இந்த இச்சாயன், குடிக்கவே மாட்டாராமே?"

நான் தலையாட்டினேன்.

"நானும் குடிக்க மாட்டேன். அதோ அவன், அவனும் குடிக்க மாட்டான். இங்க குடிச்சவன்னு ஒருத்தன்கூட இல்ல. சிஸ்டர்மாருங்க பாவம், ஆள் தெரியாம எல்லாரையும் புடிச்சு வச்சிருக்காங்க."

அறை முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"மொத வாரம் எல்லாரும் இப்படித்தான் இச்சாயா," என்றார் தங்கப்பன். "ரெண்டாவது வாரம் கொஞ்சூண்டு குடிச்சேன்னு வரும். மூணாவது வாரம் அழுவோம். அழுதாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

அங்கே முறை அப்படித்தான். குடும்பத்தாரை எதிரில் உட்காரவைத்து, நோயாளிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவனுக்குச் சிகிச்சை தொடங்கவே இல்லை என்று கணக்கு. சிஸ்டர் போன் செய்து, நீங்களும் வந்தால்தான் அவர் மனசு திறக்கும் என்று சொன்னதால் சேடத்தி ஒரு ஞாயிறு என்னோடு வந்தாள். பின் வரிசையில் கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் முறை வந்தது. எழுந்தார். நேராகச் சேடத்தியைப் பார்த்தார். கழுத்தில் சிவப்பு ஏறியது.

"நான் குடிச்சேன்," என்றார்.

"எங்க குடிச்சீங்க?" சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

அவருக்கு எந்தக் கடையும் தெரியாது. கொஞ்சம் யோசித்தார். "கோயில்ல. பூசைக்கு வச்ச ரசம்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

தங்கப்பன் முதல் வரிசையில் இருந்து திரும்பி, "ஒரு டம்ளருக்கா இத்தனை பாடு?" என்றார். சிஸ்டர் அவரை முறைத்தார்.

சேடத்தி அழுதாள். பிறகு அவர் அருகில் போனாள். "இங்க சோறு எப்படி? வயித்துக்கு ஒத்துக்குதா?" என்று கேட்டாள். அது அவள் மாதக்கணக்கில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அண்ணன் பதில் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொன்னால் அது முடிந்துவிடும் என்பது போல.

ஆனால் ஒப்புக்கொண்ட பிறகும் முகம் சிவந்தது. வாசலைத் தாண்டி ஒரு சொட்டு சாராயமும் வராத இடத்தில், நாளுக்குப் பலமுறை சிவந்தது. இரவில் மூச்சு இழுத்தது. கழிப்பறைக்கு ஓட்டமும் நிற்கவில்லை. தங்கப்பன் படுக்கையில் சாய்ந்து, "இச்சாயா, எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? உங்க காலப் புடிக்கறேன், எனக்கும் ஒரு வாய் குடுங்க" என்று நிஜமாகவே கெஞ்சினாராம். பெட்டியையும் மெத்தையையும் கிழிக்காத குறையாகத் தேடினார்கள்.

அந்த மையத்துக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். சிஸ்டர் அண்ணனை அவர் முன்னால் நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் கண்ணெதிரிலேயே சிவப்பு ஏறியது. அவர் சிஸ்டரைக் கையமர்த்திவிட்டு, அண்ணனின் நாடியைப் பிடித்தபடி அது ஏறி இறங்கும்வரை உட்கார்ந்து பார்த்தார். கை நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை, குடியை விட்டவனுக்கு வரும் எதுவும் இல்லை. "இவரை எதுக்கு இங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு, அவர் எழுதிக் கொடுத்தபடி கொச்சிக்கு அலைச்சல். அங்கே பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து, பெரும்பாலும் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே காத்திருந்து திரும்ப வேண்டும். ஈரலில் ஊசியைச் செலுத்திச் சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு முன்பு வாழைப்பழம், அன்னாசி எதையும் தொடக்கூடாதாம். அந்தக் கேனைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனது சேடத்தி. பக்கத்தில் இருந்தவர் பதநீரா என்று கேட்டார். சேடத்தி ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஸ்கேன். இது டவுனில் எடுத்தது போன்றது இல்லை. அதற்கான மருந்தை அன்று காலையில் அங்கேயே தயாரிப்பார்களாம். சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும் என்பதால் மருந்துக்கு முன்னால் நோயாளி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்து நமக்காகக் காத்திருக்காது என்றார் நர்ஸ். கையில் அதை ஏற்றி, ஒரு அறையில் தனியாக உட்காரவைத்து, பிறகு குழல் மாதிரியான இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள்.

டாக்டர் ஷாஹினா என்று ஒரு பெண். எங்களைக் கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு மனித உருவம். அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சேடத்தி விரலை நீட்டி ஒரு பெரிய கறுப்பைத் தொட்டாள்.

"இவ்வளவு பெருசா?"

"அது மண்ணீரல் அம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். கீழ இருக்கறது சிறுநீரகம். அதெல்லாம் விடுங்க. இதோ." குடலில் நிலக்கடலை அளவு ஒரு புள்ளி. ஈரலில் தெறித்தது போலப் பல. "இந்தக் கட்டி ரொம்ப மெதுவா வளரும். அதுல ஒரு சாறு சுரந்து ரத்தத்துல கலக்குது. அதனாலதான் முகம் சிவக்குது, வயிறு போகுது. சாதாரண ஸ்கேன்ல இந்தச் சின்னது எல்லாம் கண்ணுக்குப் படாது. நாங்க ஏத்தின மருந்து இந்தக் கட்டியோட செல்லுலதான் அதிகமா போய் ஒட்டிக்கும். ஒட்டின இடம் எங்களுக்குத் தெரியும். அதான் இந்தப் படம்."

"புற்றுநோயா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமா. ஆனா இதோட பல வருஷம் இருக்கறவங்க உண்டு. உங்களுக்கே எத்தனை வருஷமா இருக்கோ."

"குடிச்சா வருமா?"

டாக்டர் அவரை வியப்பாகப் பார்த்தார். "குடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு சொட்டு தொடாதவங்களுக்கும் வரும்."

அண்ணன் சேடத்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வெற்றி என்று எதுவும் இல்லை. நெடுந்தூரம் சுமந்துவந்த மூட்டையை இறக்கிவைக்க இடம் தேடுகிறவர் முகம் அது.

வெளியே வராந்தாவில் நிற்கும்போது சேடத்தி கேட்டாள். "அப்ப எதுக்கு குடிச்சேன்னு சொன்னீங்க?"

"நீ அதக் கேக்கத்தானே வந்திருந்த."

அவள் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள். இந்தமுறை என் மூலமாகக்கூடப் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"குடியா இருந்திருக்கக் கூடாதா, கொச்சே? குடின்னா நிறுத்தலாம்."

அவள் உரித்த கிழங்கை நான் தண்ணீரில் போட்டேன்.

"இத்தனை வருஷம் கூட இருந்தவ நான். ஒரு படம் வந்து சொல்ல வேண்டியிருக்கு எனக்கு." கத்தியைக் கீழே வைத்தாள். "அது என் தப்பு. சரி. ஆனா அவரும் பொய் சொன்னாரே. அத்தனை பேர் முன்னால நின்னு, என் கண்ணைப் பாத்து. இனி வலிக்கலைன்னு சொன்னா நம்பறதா? சாப்பிட்டேன்னு சொன்னா நம்பறதா? எத நம்ப?"

கத்தியை எடுத்து மீதிக் கிழங்கை நான் உரித்தேன்.

ஊரில் செய்தி பரவியது. இட்டூப்பு சேட்டன் ஒரு நேந்திரக் குலையோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எடோ, முகம் அப்படிச் சிவந்தா யார்தான் நெனைக்க மாட்டாங்க? நீயே சொல்லு" என்றார்.

"சரிதான்," என்றார் அண்ணன்.

"நீ ஒரு வார்த்தை கோபமா சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்."

"சரிதான்."

இட்டூப்பு சேட்டன் போன பிறகு, "குடிகாரன்னு நெனச்சப்ப எல்லாரும் முகத்தைப் பாத்தாங்க. இப்ப யாரும் முகத்தையே பாக்கறதில்ல" என்றார் என்னிடம்.

மாதம் ஒரு ஊசி தொடங்கினார்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்து, எடுத்துப் பொடியைக் கலந்ததும் தாமதிக்காமல் போட வேண்டும். இல்லையென்றால் ஊசிக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். எங்கள் சுகாதார நிலைய நர்ஸ் முதல் தடவை செய்முறைத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கலந்தார். இடுப்புக்குக் கீழே ஆழமாக இறங்கும் ஊசி. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பார். ஆனால் அது வேலை செய்தது. வயிறு கட்டுப்பட்டது. சிவப்பு அரிதாயிற்று. ஒரு ஞாயிறு பூசை முழுவதும் எழுந்து போகாமல் நின்றார். அச்சன் மறுபடி சாவியைக் கொடுக்க வந்தபோது, "கொஞ்சம் போகட்டும் அச்சா, மணிக்கயிறு கனக்குது" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் எடுத்த படத்தில் ஈரலில் இருந்தவை கொஞ்சம் பெருத்திருந்தன. டாக்டர் ஷாஹினா வேறு ஒன்று சொன்னார். படம் எடுக்க ஏற்றிய அதே வகை மருந்து, ஆனால் இந்தமுறை அது ஒட்டிய இடத்தைக் காட்டுவதோடு நிற்காமல் அங்கேயே இருந்து கட்டியைக் கருக்கும். படத்தில் அந்தப் புள்ளிகள் அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால்தான் அது போய்ச் சேரும் என்று நம்பிச் சொல்ல முடிகிறதாம். நான்கு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக. முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருஷங்கள் கிடைக்கும் என்றார். ஒவ்வொரு தடவையும் தனி அறையில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் யாரும் நெருங்கி உட்காரக் கூடாது.

கோயில்காரர்கள் உதவுவதாகச் சொன்னார்கள். இட்டூப்பு சேட்டனே முன்னால் நின்றார். ஆனால் அண்ணன் வரமாட்டேன் என்றார்.

தொழுவத்தில் என்னிடம்தான் சொன்னார். "போதும்டீ. அவ பேசாத வீட்டுல இன்னும் அஞ்சு வருஷம் கூடுதலா இருந்து நான் என்ன பண்ண?"

அதை யாரிடமும் சொல்லச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே இத்தனை நாளும் என் வேலையாக இருந்தது. சமையலறைக்குப் போய், அவர் சொன்னது சொன்னபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் சேடத்தியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். மறுநாள், ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்திருந்த நாள், விடியும்முன் கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையும் முண்டுமாக, கைப்பையோடு அவர் கட்டிலருகே நின்றாள்.

"கிளம்புங்க," என்றாள். "பஸ் போயிடும்."

அவர் எழுந்தார். ஏன், எதற்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்; நான் பின்னால். அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவள் தூங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்பு ஒரு இளம் நர்ஸ் கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, முன்பு ஏதும் அறுவை நடந்ததா. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"குடிப்பழக்கம்?"

அண்ணன் கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். எந்தப் பதிலைச் சொல்லி எந்தப் பதிலால் அடிபட்டோம் என்று அவருக்கே குழம்பிவிட்டது என்று நினைக்கிறேன். மாத ஊசியையும் மீறிக் கழுத்தோரம் மெல்லச் சிவக்கத் தொடங்கியது.

"இல்ல," என்றாள் சேடத்தி.

நர்ஸ் சிரித்தார். "அம்மா, அவரே சொல்லட்டும்."

"அவர் தப்பாச் சொல்லிடுவாரு. நான் சொல்றேன். ஒரு சொட்டு தொட்டதில்ல. அப்படியே எழுதிக்குங்க."

நர்ஸ் எழுதினார். அண்ணன் கையை நீட்டிப் படுத்துக்கொண்டார். வாந்தி வரலாம், வந்தால் சொல்லுங்கள் என்று முன்னதாகவே ஒரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். கனமான கதவைச் சாத்துவதற்கு முன், இனி நாளைக்குத்தான் பார்க்கலாம் என்று எங்களை வெளியே போகச் சொன்னார்கள். சேடத்தி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். இன்னும் மூன்று தடவை வரவேண்டும் என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.